பேனா நிற்காத கை

டாக்டர் கோமதிநாயகம் இரும ஆரம்பித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மழுப்பிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. கூட்டத்தின் நடுவே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார், முகம் சிவந்து தண்ணீர் கேட்டார். எடுத்துக் கொடுத்தது நான்தான். கொடுத்துவிட்டு லேபுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "வா ராசா, வா" என்று வாய்விட்டே சொன்னேன்.

மூன்று வருஷமாக அந்த இருமலுக்காகத்தான் காத்திருந்தேன். "அத்தானைத் தின்ன எடத்துல இன்னும் என்னத்துக்குக்கா வேலை பாக்க?" என்று என் தங்கச்சி ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பாள். வேறு வேலை கிடைக்கவில்லை என்பேன். பச்சைப் பொய். திருநெல்வேலியில் லேப் டெக்னீஷியனுக்கா வேலை கிடைக்காது?

எங்கள் ஆய்வு நிலையம் நான்குவழிச் சாலையை ஒட்டி இருக்கிறது. அங்கே நாங்கள் வளர்ப்பது புழு. நூலான் என்று பெயர் வைத்திருந்தோம். கொக்கிப்புழுவின் வம்சம்தான். டாக்டர் கோமதிநாயகம் அதன் மரபணுவில் கைவைத்து, ரத்தம் உறிஞ்சுகிற குணத்தைக் குறைத்து, இன்னொரு குணத்தைக் கூட்டியிருந்தார். ஒட்டுண்ணி எதுவானாலும் அடுத்தவன் உடம்பில் பிழைக்க வேண்டுமென்றால் அந்த உடம்பின் எதிர்ப்பு அணுக்களை முதலில் அடக்க வேண்டும். அதற்கென்று ஒரு சாற்றைக் கசியவிடும். அந்தச் சாறு படுகிற இடத்தில் அணுக்கள் சண்டையை மறந்துவிடும். இதே தந்திரத்தை மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கு உபயோகப்படுத்தினால் என்ன என்பதுதான் அவருடைய யோசனை. பத்துப் புழு வயிற்றில் இருந்தால் போதும், அந்நிய உறுப்பை உடம்பு தள்ளாது. ஆயுசுக்கும் விழுங்குகிற மாத்திரைகள் வேண்டாம்.

ஒரே சிக்கல், நூலான் மனிதக் குடலில் மட்டும்தான் முட்டையிடும். அதனால் புழுவை வயிற்றில் சுமக்கச் சம்மதிக்கிற ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவர்களுடைய மலத்திலிருந்து முட்டையைப் பிரித்து, கரித்தூளில் பொரிக்க வைத்து, புழுக்குஞ்சுகளை எடுப்பது என் வேலை. சுமக்கிறவர்களுக்கு எங்கள் பாஷையில் வீடு என்று பெயர். மூன்றாம் வீடு, ஏழாம் வீடு என்று பதிவேட்டில் எழுதுவோம். யாருடைய பெயரும் அதில் கிடையாது. ஒருவர் விலகினால், எதற்காக விலகினாலும், 'காலி' என்று எழுதி டாக்டர் கையெழுத்துப் போடுவார்.

என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து அங்கே வேன் ஓட்டினார். வீடுகள் பற்றாக்குறையாக இருந்த சமயத்தில், நீங்களும் சேருங்களேன் என்று அவரிடம் கேட்டது நான்தான். இதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பதினோராம் வீடு ஆனார்.

சேர்ந்த அன்று புது ஆட்களை உட்கார வைத்து டாக்டர் விளக்கம் சொன்னார்.

"உங்க உடம்புக்குள்ள காவல்காரங்க இருக்காங்க. அறியாத ஆள் யார் வந்தாலும் அடிப்பாங்க. இந்தப் புழு உள்ள போய் அவங்களைத் தட்டிக்கொடுத்துத் தூங்க வச்சிரும்."

என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். "சார், காவக்காரன் தூங்கிட்டாம்னா களவாணி வரமாட்டானா?"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். "நல்ல கேள்வி. மத்த புழு எல்லாரையும் தூங்க வைக்கும். என் புழு ஆள் பாத்துத்தான் தூங்க வைக்கும். உறுப்பைத் தாக்கறவன் மட்டும் தூங்குவான். கிருமியைப் பிடிக்கறவன் முழிச்சிட்டுத்தான் இருப்பான். என் இருபது வருஷ உழைப்பே அதுலதான் இருக்கு."

"அப்பச் சரி சார்," என்றார் இவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "ஏட்டி, ஒங்க டாக்டரு பெரிய மூளக்காரருதான்" என்றார்.

பதினோராம் வீடு நல்ல வீடு. அவர் வயிற்றுப் புழு மாதிரி வேறு எதுவும் முட்டையிடவில்லை. நோயாளிகளுக்குப் போன குஞ்சுகளில் பாதி அவருடையவை. ஒன்றரை வருஷம் கழித்து அவருக்கு இருமல் வந்தது. நிலையத்தின் விதிப்படி, இருமல் வந்த வீட்டுக்கு முதலில் காசநோய்த் தோல் ஊசி போட வேண்டும். நெகடிவ் என்றால் எக்ஸ்ரேயோ சளிப் பரிசோதனையோ வேண்டாம். விதியை எழுதியவர் டாக்டர். ஊசி போட்டு அளப்பவள் நான்.

அளப்பது இப்படி. முன்கையில் தோலுக்கு அடியில் ஒரு துளி மருந்தை ஏற்ற வேண்டும். இரண்டு நாள் கழித்து, ஒரு பால்பாயின்ட் பேனாவை வெளியிலிருந்து ஊசி போட்ட இடத்தை நோக்கி மெதுவாக இழுத்துவர வேண்டும். உடம்பில் காசக் கிருமி இருந்தால் எதிர்ப்பு அணுக்கள் ஓடிவந்து கூடி அந்த இடம் தடித்துக் கிடக்கும். அந்த விளிம்பில் பேனா தட்டி நிற்கும். இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு. நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுத வேண்டும்.

என் வீட்டுக்காரர் கையில் பேனா எங்கேயும் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய்விட்டது. ஜீரோ என்று எழுதி, அத்தாட்சிக்குக் கையைச் செல்போனில் படமும் எடுத்துக்கொண்டேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். அந்த ஜீரோவை நம்பி நான் என் வீட்டுக்காரரைத் திட்டினேன். பீடியை விடுங்க, சும்மா இருமிக்கிட்டு லீவு போடாதீங்க என்றேன். மூன்று மாதத்தில் அவர் எலும்பும் தோலுமாக ரத்தம் கக்கினார். அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இவ்வளவு நாள் என்னம்மா பண்ணினீங்க?" என்றார். இரண்டு நுரையீரலும் அரித்துப் போயிருந்தன.

அந்த டாக்டரம்மா அவருக்குப் பூச்சி மாத்திரை கொடுத்துப் புழுவை எல்லாம் வெளியேற்றினார். மூன்று வாரம் கழித்து எனக்கு என்ன தோன்றியதோ, லேபிலிருந்து ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் மறுபடி போட்டேன். இரண்டாம் நாள் பேனா நின்றது. பதினேழு மில்லிமீட்டர். செம்மண் நிறத்தில் கை வீங்கியிருந்தது. அதையும் செல்போனில் படம் எடுத்தேன்.

"என்னட்டி, காவக்காரன் முழிச்சிட்டானா?" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு.

அதற்குப் பிறகு எட்டு நாள்தான் இருந்தார்.

காரியம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் டாக்டரிடம் கேட்டேன். "சார், புழு இருந்ததால ஊசி பொய் சொல்லியிருக்குமோ?" அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பிரம்மசக்தி, உன் கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா நீ அளக்கறவ. அளந்ததை எழுது. யோசிக்கற வேலையை என்கிட்ட விட்டுரு" என்றார். பதிவேட்டைப் பார்த்தேன். பதினோராம் வீடு: காலி.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த ஆளுக்குத் தெரியும் என்று. இருபது வருஷம் அணுக்களோடு மாரடிக்கிற மனுஷனுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டே, நல்ல முட்டை போடுகிற வீட்டை விட மனசில்லாமல், நெகடிவ் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான். பழைய பக்கங்களைப் புரட்டி, அதற்கு முன் காலியான வீடுகளைத் தேடிப் போனேன். நான்கு குடும்பங்களிலும் ஒரே கதை. இருமல், ஜீரோ, சாவு.

அதன் பிறகு எந்த வீடு இருமினாலும், டாக்டருக்குத் தெரியாமல் நானே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சளிப் பரிசோதனை செய்ய வைத்தேன். மூன்று பேர் பிழைத்தார்கள். வெளியே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு செல்போன் படங்களை வைத்துக்கொண்டு, மலம் அலசுகிறவள் சொல்வதை யார் கேட்பார்கள்? அதுவும் தவிர, எனக்கு விசாரணை வேண்டியிருக்கவில்லை. அந்த ஆள் வேண்டியிருந்தது.

ஆள் தானாகவே வந்தார். சர்க்கரையால் அவருடைய சிறுநீரகங்கள் போய், மனைவி ஒன்றைக் கொடுத்தார். வேறு மருந்து வேண்டாம், என் புழுவே போதும் என்று பத்திரிகைக்காரர்கள் முன்னால் சட்டைக் கையை மடித்தார். பத்துப் புழுக்குஞ்சு விட்ட ஈரப் பஞ்சை அவர் கையில் வைத்துக் கட்டியது நான். குஞ்சு தோலைத் துளைத்து உள்ளே போய்த் தானே குடலைச் சேர்ந்துவிடும். பதினோராம் வீட்டு வம்சத்தைத்தான் பொறுக்கி எடுத்து வைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

காசக் கிருமி நம் ஊரில் பலர் நெஞ்சில் சத்தமில்லாமல் கிடப்பதுதான், காவல்காரன் தூங்கினால் எழுந்துகொள்ளும். அதற்கு ஒன்றரை வருஷம் கழித்துத்தான் அந்த இருமல்.

இரண்டு மாதம் வளரவிட்டேன். சட்டை தொளதொளத்தது. சாயங்காலமானால் கண் சிவந்து, மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். ஒரு திங்கட்கிழமை லேபுக்குள் வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"பிரம்மசக்தி, எனக்கு அந்த ஊசியைப் போட்டுவிடு. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். அடுத்த மாசம் அனுமதிக்குழு வருது. கண்டுபிடிச்சவனே இருமறான்னு வெளிய தெரிஞ்சா, இந்தியா முழுக்கப் போக வேண்டிய மருந்து நின்னுரும்."

"போட்டுருவோம் சார்," என்றேன். அப்போதே மருந்தை ஏற்றினேன்.

புதன்கிழமை காலை வந்து முன்கையை மேஜைமேல் நீட்டினார். பேனாவை இழுத்தேன். அது போய்க்கொண்டே இருந்தது. மறுபக்கத்திலிருந்து இழுத்தேன். அப்படியும் நிற்கவில்லை. மூன்று வருஷம் முன்னால் எழுதிய அதே எண்ணை அதே கட்டத்தில் எழுதினேன். நான் எந்தப் பாவமும் செய்யவில்லை. அளந்ததை எழுதினேன், அவ்வளவுதான். யோசிக்கிற வேலையை அவரிடம் விட்டுவிட்டேன்.

"ஜீரோ சார்."

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கும் எனக்கும் உண்மை தெரியும், இப்போது என்ன நடிப்பு நடிக்கப் போகிறாய் என்று பார்த்தேன். பதறிப் போய் எக்ஸ்ரேக்கு ஓடுவார் என்று எதிர்பார்த்தேன். ஓடினாலும் எனக்கு லாபம்தான், மூன்று வருஷம் முன்னால் தெரிந்தேதான் செய்தார் என்பது அந்த ஓட்டத்திலேயே நிரூபணமாகிவிடும்.

அவர் ஓடவில்லை. நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, நீளமாக மூச்சு விட்டார். கண்ணோரம் ஈரமாகியிருந்தது.

"ரொம்பப் பயந்துட்டேன் தெரியுமா," என்றார். "என் மக பிரசவத்துக்கு வந்திருக்கா. பேரன் பிறந்து நாப்பது நாள் ஆகுது. இந்த இருமலால நான் ஒரு தடவைகூடத் தூக்கல. வாசப்படியில நின்னே பாத்துட்டு வந்துருவேன். தாத்தாவுக்குப் பாசமே இல்லைன்னு அவ அழறா. இன்னிக்குப் போனதும் அவனை மார்ல போட்டுக்கிட்டுத்தான் தூங்கப் போறேன்."

இந்த மனுஷனுக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரிந்திருக்கவில்லை. தன் புழு ஆள் பார்த்துத் தூங்க வைக்கும் என்று, கடவுளை நம்புகிற மாதிரி நம்பியிருக்கிறார். நம்பித்தான் என் வீட்டுக்காரருடைய ஜீரோவில் கையெழுத்துப் போட்டார். ஜீரோ பொய் என்று தெரிந்தும், இன்றைக்கு அதை எழுதிக் கொடுத்த ஒரே ஆள் இந்த அறையில் நான்தான்.

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு அவர் எழுந்தார். ரொம்ப நன்றிம்மா என்றார். மூன்று வருஷமாக அவர் வாயிலிருந்து கேட்க நான் ஆசைப்பட்ட பேச்சுகளில் நன்றி மட்டும் இல்லை. கதவுவரை போய்விட்டார்.

"சார், பேரனைத் தூக்காதீங்க."

திரும்பினார்.

"ஒங்களுக்கு டி.பி. இருக்கு. ஊசி பொய் சொல்லுது. கூப்பிட்டாலும் ஒங்க அணு எதுவும் எந்திரிச்சு வராது. எல்லாம் தூங்குது."

"என்ன பேசற நீ?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் புழு அந்த அணுவைத் தொடவே தொடாது. எலியில பாத்தாச்சு, குரங்குல பாத்தாச்சு..."

"மனுசன்ல நான் பாத்தேன் சார்."

செல்போனை எடுத்து இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். புழு இருந்தபோது வழவழவென்று கிடந்த கை, புழு போன பிறகு பதினேழு மில்லிமீட்டர் வீங்கிய கை. அதே கை, அதே மச்சம், அடியில் தேதி. அவர் வெகுநேரம் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கினார், சின்னதாக்கினார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரையும் தூங்க வைக்குதா?" என்றார் கடைசியில்.

"எல்லாரையும்."

"உனக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"மூணு வருசமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன் சார். அளக்கற வேலைய மட்டும் பாக்கச் சொன்னீங்க."

எனக்குள் இருந்த பேய் அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தது. குழந்தைக்காகச் சொன்னேன் என்று சொல்லிக்கொண்டால் நான் நல்லவள் ஆகிவிடலாம். அது பாதி உண்மை. மீதியையும் கேளுங்கள். அவரை அப்படியே போக விட்டிருந்தால் மூன்று மாதத்தில் செத்திருப்பார், தன் புழுவை நம்பிக்கொண்டே, நிம்மதியாக. பேப்பரில் பெரிய படம் போட்டிருப்பார்கள். நிலையத்து வாசலில் சிலை வைத்து, அதற்கு மாலை போட என்னையும் கூப்பிட்டிருப்பார்கள். செத்துப்போனவனுக்கு என்ன வலிக்கும்?

பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.

"காலின்னு இருக்குல்ல, அத அடிங்க. பேரும், என்னத்துல செத்தாகன்னும் ஒங்க கையால எழுதுங்க. அஞ்சு எடத்துல."

பேனாவை எடுத்தார். பதினோராம் வீட்டுக்கு வந்ததும் பேனா அப்படியே நின்றது. தலையைத் தூக்காமலே கேட்டார்.

"பேர் என்ன?"

எட்டு வருஷம் என் வீட்டுக்காரர் ஓட்டிய வேனில்தான் டாக்டர் போயிருக்கிறார். மகள் கல்யாணத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கியதும் இவர்தான். டிரைவர், டிரைவர் என்று கூப்பிட்டே காலம் போய்விட்டது. தன் டிரைவர்தான் பதினோராம் வீடு என்பதாவது தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

"இசக்கிமுத்து," என்றேன். "எம் புருசன்."

எழுதினார். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, அனுமதிக்குழுவுக்கு அன்றைக்கே கடிதமும் எழுதினார். அதை மட்டும் நான் கேட்காமலே செய்தார், அந்தப் பெருமை அவருக்கு இருக்கட்டும். நூலான் நின்றது. புழு ஏற்றிக்கொண்ட நூற்றுப் பத்து நோயாளிகளையும் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுத்ததில் ஒன்பது பேருக்குக் காசநோய் இருந்தது. ஒன்பது பேரும் பிழைத்துக்கொள்வார்கள் என்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் மறுபடி வந்தார்கள், இந்தத் தடவை வேறு மாதிரிக் கேள்விகளோடு. நிலையம் அவரைப் போகச் சொல்லிவிட்டது.

அவருக்குப் பூச்சி மாத்திரை கொடுத்துப் புழுக்களை வெளியேற்றினார்கள். வழக்கமான மருந்துகள் கொடுத்தும் மனைவி தந்த சிறுநீரகம் இரண்டாம் மாதத்தில் நின்றுபோனது. இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். பேரனை மகள் தன் மாமியார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

காசநோய் மாத்திரையை நோயாளி தனியாக விழுங்கக் கூடாது, தினமும் ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அரசாங்க விதி இருக்கிறது. பார்க்கிற ஆளாக நான் பெயர் கொடுத்தேன். அவர் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும்மா" என்றார். அந்த அம்மாவை நிமிர்ந்து பார்க்கத்தான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

தினமும் காலை எட்டு மணிக்குப் போகிறேன். மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைப்பதற்கு முன்னால் பெயர்களைச் சொல்லச் சொல்வேன். சுடலைக்கண்ணு, மாரிதங்கம், பிச்சையா, அந்தோணிராஜ், இசக்கிமுத்து. முதல் வாரம் தடுமாறினார். இப்போது மூச்சுவிடாமல் சொல்கிறார். நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை நீ என்று கூப்பிட்டவர், இப்போது நீங்க என்கிறார்.

நேற்று பெயர்களைச் சொல்லி முடித்துவிட்டு, மாத்திரைக்குக் கை நீட்டாமல் உட்கார்ந்திருந்தார். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி கை முழுக்கக் கன்றிப் போயிருந்தது.

"அன்னிக்கு நீங்க பேசாம இருந்திருக்கலாம், பிரம்மசக்தி."

"பேசாம இருந்திருந்தா இந்நேரம் செத்திருப்பீங்க சார்."

"அதைத்தான் சொல்றேன்."

"தெரியும்," என்றேன். "அதனாலதான் பேசுனேன்."

கையைப் பிடித்து மாத்திரைகளை வைத்தேன். விழுங்கினார். வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார். அட்டையில் டிக் போட்டேன். இன்னும் தொண்ணூறு நாள் இருக்கிறது.